அரிசிக்கு மூன்று விலை

புக்கிட் பாஞ்சாங்கில் ஓடும் குட்டி ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது அதன் ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே வெள்ளையாக மங்கிவிடுகின்றன. "அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றாள் ஸ்டெல்லா, அந்த ரயிலைத் தானே கண்டுபிடித்தவள் மாதிரி. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது டவுன் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். நான் மங்கிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வந்த முதல் நாளே வாயைக் கொடுக்க வேண்டாம் என்று இருந்தேன். அந்தக் கட்டுப்பாடு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

ஸ்டெல்லாவும் நானும் திருச்சியில் ஒன்றாக எம்.ஏ. பொருளாதாரம் படித்தவர்கள். ஒரே விடுதி அறை. படிப்பு முடிந்ததும் அவள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்துவிட்டாள். நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தேன். தொகுப்பூதியம், ஓய்வூதியம் கிடையாது. அடுத்த ஆண்டு வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டெல்லா லிட்டில் இந்தியாவில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறாள். அதன் முதலாளி இன்பராஜுக்குப் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பொருளாதாரத்தை எளிமையாகச் சொல்லித்தர ஊரிலிருந்து ஓர் ஆள் வேண்டுமாம், ஆறு மாதத்துக்கு. ஸ்டெல்லா என் பெயரைச் சொல்லியிருந்தாள். "எங்க மாதா கோயில் ஹால்ல ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் ஒரு டெமோ பண்ணு. அவருக்குப் புடிச்சிருச்சுன்னா எல்லாம் ஓகே லா" என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குக் கீழே இருந்த காப்பிக் கடைக்குப் போனோம். காலியாக இருந்த மேசையில் நான் உட்காரப் போனதும் ஸ்டெல்லா கையைப் பிடித்து இழுத்தாள். மேசை நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. "அது யாரோ ச்சோப் பண்ணது. ஆள் வரும்." பழனி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், எங்கள் ஊரில் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவனும் இருப்பான், அதன்பின் சண்டையும் இருக்கும். இங்கே அந்தக் காகிதப் பாக்கெட்டை ஒருவரும் தொடவில்லை. முதலில் வைத்தவருக்கு இடம், அவ்வளவுதான்.

சர்க்கரையும் பாலும் இல்லாத காப்பி கேட்டேன். கடைக்காரச் சீனப் பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்: "இந்த அக்கா முகத்தைப் பார்த்தா ரெண்டு ஸ்பூன் சேர்த்துப் போடணும் போலிருக்கு, ஆனா வேண்டாங்கிறாங்களேன்னு சொல்றாரு." காப்பி நன்றாகவே இருந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம் தடவிய ரொட்டிதான் தொண்டையில் இனித்துக்கொண்டே நின்றது.

மத்தியானம் ஸ்டெல்லா வேலைக்குப் போனதும் தனியாகக் கிளம்பி, திரும்பி வரும்போது குட்டி ரயிலில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். அது வட்டமாகச் சுற்றும் தடம் என்பதால் எப்படியும் வீட்டுக்குத்தான் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாது. பாதியில் பயந்துபோய் இறங்கி, ஒரு மலாய்ப் பெண்ணிடம் வழி கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அதே திசையில் வந்த அடுத்த ரயிலில் என்னை ஏற்றிவிட்டாள். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "உனக்குப் பொறுமையே கிடையாதுடி" என்றாள். அப்போது அதில் கோபமில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் மகளின் அறையில் உட்கார்ந்து அட்டை வெட்டினோம். மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள். அந்தப் படிப்புக்காகத்தான் ஸ்டெல்லா வாரத்தின் எல்லா நாளும் வகுப்பு எடுக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை. கட்டிலில் குவிந்திருந்த திருத்த வேண்டிய தாள்கள் சொல்லின.

நான் காட்டவிருந்தது ஒரு பண்டமாற்றுச் சந்தை. பாதிப்பேரிடம் அரிசி மட்டும் இருக்கும், மீதிப்பேரிடம் எண்ணெய் மட்டும். நான் ஒரு விலை கூவுவேன்: ஒரு படி அரிசிக்கு இத்தனை குப்பி எண்ணெய். அந்த விலைக்கு எத்தனை படி அரிசி கொடுப்பார் என்று அரிசிக்காரரும், எத்தனை படி கேட்பார் என்று எண்ணெய்க்காரரும் தங்கள் அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து விரல் காட்ட வேண்டும். கேட்டதும் கொடுத்ததும் ஒத்துவந்தால் அந்த விலையில் சந்தை நிற்கும். அதற்குத்தான் சமநிலை என்று பெயர். ஒத்துவராவிட்டால், அரிசிக்குத் தட்டுப்பாடென்றால் அதன் விலையை ஏற்றுவேன், அரிசி மிஞ்சினால் இறக்குவேன்.

எங்கள் பாடத்திட்டம் இந்த இடத்தோடு முடிந்துவிடும். சமநிலை உண்டென்று நிறுவு, மதிப்பெண் வாங்கு, வீட்டுக்குப் போ. அது ஒன்றுதானா என்று யாரும் கேட்பதில்லை. விலை ஏறினால் அரிசிக்காரர் கூடுதலாக விற்பார் என்று நாம் நினைக்கிறோம். அவரோ, இப்போது கொஞ்சம் கொடுத்தாலே வேண்டிய எண்ணெய் வந்துவிடுகிறதே என்று மீதி அரிசியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்கள் கூடிய சந்தையில் விலையை ஏற்ற ஏற்றத் தட்டுப்பாடு தீராமல் வளரும், வெகு தூரம் போய்த்தான் நிற்கும். எண்ணெய்க்காரர் பக்கமும் இதே கதை. அதே ஆட்கள், அதே பண்டம், ஆனால் சந்தை நிற்கக்கூடிய விலை மூன்று. அரிசிக்காரர் கொழிக்கும் விலை ஒன்று, எண்ணெய்க்காரர் கொழிக்கும் விலை ஒன்று, நடுவில் இருவருக்கும் சமமான விலை ஒன்று. எங்கே போய் நிற்கும் என்பது எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது.

விடுதி அறையின் தரையில் சாக்பீஸால் வரைந்து இந்தக் கணக்கை நாங்கள் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது, நடுவிலிருப்பதன் குணத்தைக் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லாதான். "நடுவுல இருக்கறது நிக்காதுடி. லேசா தட்டினா ஏதாவது ஒரு ஓரத்துக்கு ஓடிரும்" என்றாள். சனிக்கிழமையும் அட்டைகளுக்கான எண்களை என்னைவிட வேகமாக அவள்தான் போட்டாள். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வட்டிக்கணக்கு சொல்லித்தருகிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவளுக்கு என்னைப் பார்த்து அப்படி ஏதாவது தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கோயில் பங்கில் இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பங்கள் உண்டு. சமீபத்தில் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் வணக்கம் சொல்லிக்கொள்கின்றன, உட்காருவது மட்டும் தனித்தனியாக. நான் அதைக் கவனிக்காமல் இடப்பக்கம் அரிசி, வலப்பக்கம் எண்ணெய் என்று அட்டைகளைக் கொடுத்துவிட்டேன். இன்பராஜும் பழைய குடும்பத்தாரும் அரிசிக்காரர் ஆனார்கள். நர்சுகளும் வேலைக்கு வந்த மற்றவர்களும் எண்ணெய்.

இன்பராஜ் நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம். முதல் ஆட்டத்தை அரிசி விலை உயர்ந்த நிலையில் தொடங்கினேன். நாலைந்து கூவலில் சந்தை நின்றது. அரிசிக்காரர்கள் கொஞ்சம் அரிசி கொடுத்து நிறைய எண்ணெய் வாங்கிவிட்டார்கள். ஒரே கைதட்டல். இன்பராஜ் எழுந்து நின்றார். "பாத்தீங்களா, யாரும் யாரையும் ஏமாத்தல. மார்க்கெட்டே முடிவு பண்ணிருச்சு. இதுதான் நியாயமான விலை." பிறகு வலப்பக்கம் திரும்பி, முன்வரிசையில் இருந்த ஜெசிந்தா என்ற நர்சைப் பார்த்து, "நீங்கள்லாம் இன்னும் கொஞ்சம் ஸ்மார்ட்டா கேட்டிருக்கணும்மா. இந்த ஊருக்கு வந்தா அதத்தான் முதல்ல கத்துக்கணும்" என்றார். ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. "நான் அட்டையில இருந்ததத்தான சார் செஞ்சேன்" என்று சிரித்தபடியே சொன்னாள். ஆனால் காதுமடல் சிவந்துவிட்டது.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து, "போதும் வயலட். எல்லாருக்கும் பசிக்குது. பிரியாணி வந்துருச்சு" என்றாள். அவள் கண் இன்பராஜ் மேல் இருந்தது. அவர் முகத்தில் திருப்தி. வேலை கிடைத்த மாதிரிதான். அந்த இடத்தில் நான் நன்றி சொல்லி முடித்திருக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றேன் மைக்கில். "அதே அட்டை, அதே ஆளுங்க. இப்ப விலைய அந்தக் கோடியில இருந்து ஆரம்பிக்கப் போறேன்."

இரண்டாவது ஆட்டத்தில் அரிசி சீந்துவாரில்லாமல் போயிற்று. அரிசிக்காரர்கள் கை நிறைய விரல் காட்டி அள்ளிக் கொடுத்தும் சொற்ப எண்ணெய்தான் வந்தது. சந்தை அங்கேயும் அழகாக நின்றது. வலப்பக்கத்தில் முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒரு பையன் விசில் அடித்தான். நர்சுகள் ஒருவர் தோளை ஒருவர் குத்திக்கொண்டார்கள். இன்பராஜ் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி? முதல்ல வந்ததுதானே ஆன்சர்?" என்று கேட்டார். "ரெண்டுமே ஆன்சர்தான் சார். எங்க ஆரம்பிச்சோங்கிறதுதான் வேற" என்றேன்.

ஜெசிந்தா கை தூக்கினாள். "மிஸ், ரெண்டு பேருக்கும் சமமா வர்ற மாதிரி ஒண்ணு கிடையாதா?"

இருக்கிறது என்றேன். ஒன்றுக்கு ஒன்று என்று கூவினேன். விரல்கள் எழுந்தன. எண்ணிப் பார்த்தால் கொடுத்ததும் கேட்டதும் அச்சாக ஒத்துவந்தன. மண்டபம் முழுக்க, இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது. அந்தப் பயணத்தில் நான் மனதாரச் சந்தோஷமாக இருந்தது அந்தக் கைதட்டல் நேரம்தான்.

கணக்கைச் சரிபார்க்க அதே விலைக்கு இன்னொரு முறை விரல் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை அரிசி ஒரு படி குறைந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆட்டத்தின் விதி நான் சொன்னதுதான், தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். ஏற்றினேன். ஏறியதும் மற்ற அரிசிக்காரர்களின் அட்டை குறைவாகக் கொடுக்கச் சொன்னது, தட்டுப்பாடு கூடியது, மறுபடி ஏற்றினேன். சறுக்கிக்கொண்டே போய்ச் சந்தை முதல் ஆட்டத்தில் நின்ற அதே விலையில் நின்றது. இடப்பக்கம் ஆரவாரம். "பாத்தீங்களா, மார்க்கெட் நம்ம பக்கம்தான் லா!" என்றார் இன்பராஜ்.

ஜெசிந்தா திகைத்துப்போய், "இப்பத்தான மிஸ் சரியா இருந்துச்சு, என்னாச்சு?" என்று கேட்டாள்.

நான் எதிரிலேயே நின்றிருந்தேன். பார்த்திருந்தேன். "சார் ஒரு விரல மடக்கிட்டாரு" என்று மைக்கில் சொன்னேன்.

திட்டமிட்டுச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எங்கே பிழை என்று கேட்டால் இந்த வரியில் என்று காட்டுகிற பழக்கம். "கார்ட சரியா படிக்கல போல" என்று இன்பராஜ் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பங்குத்தந்தை சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். நீள அரிசி, ஊறுகாய் மாதிரி புளித்த வெள்ளரி அச்சார், கோழித் தொடை. திண்டுக்கல்காரியிடம் அதைப் பிரியாணி என்று கொடுத்ததற்கே நான் சண்டை போட்டிருக்கலாம். என் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன. ஜெசிந்தா தூரத்திலிருந்து கையசைத்துவிட்டுத் தன் தோழிகளோடு கிளம்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லா கதவைச் சாத்தியதும் பேசினாள்.

"அவரு மடக்கினது எனக்குத் தெரியாதா? நானுந்தான் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு பிரியாணிப் பொட்டலத்த எண்ணப் போனேன். உனக்கென்னடி, சொல்லிட்டு ப்ளைட் ஏறிடுவ. நான் அவர் மூஞ்சில முழிக்கணும். என் பொண்ணு படிப்ப முடிக்கணும்."

"அந்தப் பொண்ணு கேட்டா, சொன்னேன்."

"அவளுக்கு என்ன குறைஞ்சு போச்சு? அது வெறும் அட்டை வயலட்."

"வெறும் அட்டைன்னா அவர் எதுக்கு மடக்கணும்?"

அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இன்பராஜே என்னைச் சென்டருக்கு அழைத்தார். தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில், நகைக்கடைகளுக்கு மேல்மாடி. கீழே முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் மீனும் கலந்த வாசனை. மேலே குளிர்சாதனம். என்னை மரியாதையாக உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, ஊரைப் பற்றி விசாரித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க கேம் ரொம்ப நல்லாருந்துச்சு மேடம். எல்லாரும் அதப் பத்திதான் பேசறாங்க. ஆனா ஒண்ணு, பேரண்ட்ஸுக்கு ஒரு ஆன்சர் வேணும். மூணு ஆன்சர் இருக்குன்னு சொன்னா பிள்ளைய யாரு இங்க அனுப்புவா?"

"மூணு இருக்கே சார்."

"இருக்கட்டும். இருக்கறத எல்லாம் சொல்லணுமா?" அவர் காப்பியைக் கலக்கினார். "அத்தன பேர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டீங்களே. ஒரு விரல்தானே மேடம்?"

"அதான் சார் நானும் சொன்னேன். ஒரு விரல் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஒரு பொருளைத் திருப்பி அலமாரியில் வைப்பதற்கு முன் பார்க்கிற பார்வை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அட்டைகளெல்லாம் சென்டரிலேயே இருக்கட்டும், ஸ்டெல்லாவை வைத்தே நடத்திக்கொள்கிறோம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. சிராங்கூன் சாலையில் வந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கேலாங்கில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தது, உள்ளே நானும் ஓட்டுநரும் மட்டும். ஓட்டுநர் தமிழர். "எங்க போணும்க்கா?" என்றார். புக்கிட் பாஞ்சாங் என்றேன். "அய்யோ, நீங்க எதிர்ப் பக்கம்ல ஏறியிருக்கணும்" என்று சொல்லி, எந்தப் படியில் இறங்கி எந்த ரயிலைப் பிடிப்பது என்று நிதானமாகச் சொன்னார். இறங்கும்போது, "அழுவாதீங்கக்கா, இங்க யாரும் தொலைஞ்சு போவ முடியாது" என்றார். அவர் சொல்லும்வரை நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப்போகிறேன் என்ற யோசனை, அடக்கிவைத்திருந்ததெல்லாம், அந்த நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் மொத்தமாக வந்தது. பக்கத்துக் கடையில் பரோட்டாவைப் பிராட்டா என்று எழுதியிருந்தார்கள். ருசியாக இருந்தது. வயிறு மட்டும் எந்த ஊரிலும் தன் வேலையைப் பார்க்கிறது.

மறுநாள் விமான நிலையத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். என் பையில் மைலோ டின்னும் காயா பாட்டிலும் திணித்தாள். உள்ளே போகும் வாசலுக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த கிளாஸ என்னை எடுக்கச் சொல்றாரு. ஹெட் டியூட்டரும் ஆக்கறாராம்."

"தெரியும்."

"நான் கேட்டு வாங்கல வயலட்."

"அதுவும் தெரியும். மூணு ரவுண்டும் வைப்பியா?"

அவள் என் பையின் ஜிப்பைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. "டைம் இருந்தா" என்றாள்.

ஊருக்கு வந்து பருவத்தேர்வு விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. வகுப்பு நன்றாகப் போகிறதாம், வேறு இடங்களிலும் கேட்கிறார்களாம். "இன்னும் ரெண்டு செட் கார்டு வேணும்டி. எனக்கு உக்காந்து போட நேரமே இல்ல. அரிசிக் கார்டு கரெக்டா இருந்தா போதும். எண்ணெய்க் கார்டு அந்த ஒரு விலைக்கு ஒத்துவந்தா சரி, மத்தது சும்மா பேருக்கு இருந்தாப் போதும். முதல் ரவுண்டு மட்டும்தான் வைக்கிறோம்."

மாட்டேன் என்று எழுதி அழித்தேன். நான் அனுப்பாவிட்டால் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தானே போடுவாள், அல்லது இன்பராஜ் யாரையாவது வைத்து முதல் ஆட்டத்துக்கு மட்டும் அட்டை அடித்துக்கொள்வார். இரண்டு நாள் மாலை உட்கார்ந்து எல்லா எண்களையும் போட்டேன். எண்ணெய் அட்டைகளைப் பேருக்குப் போட எனக்குக் கை வரவில்லை. அந்த முனையிலிருந்து தொடங்கினாலும் நிற்கிற மாதிரி, நடுவிலும் ஒருமுறை ஒத்துவருகிற மாதிரி, ஒவ்வொன்றையும் சரிபார்த்து அனுப்பினேன். இத்தனைக்கும் யாரும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கப்போவதில்லை.

மறுநாள் காலை அவள் பதில் வந்தது. "எண்ணெய்க் கார்டும் சரியா இருக்கு. அந்தக் கோடியில இருந்தும் போட்டுப் பாத்தேன்."